பாம்புக்கு ஏது செவுள்?

மீஞ்சூர் மார்க்கெட்டில் மீன்காரம்மா அன்னக்கூடையைச் சாய்த்ததும் ஆரல் மீன் ஒன்று நெளிந்து என் காலடியில் விழுந்தது. அந்தச் சேற்று வாடையில் பழவேற்காட்டு மழைக்காலம் அப்படியே திரும்பி வந்தது.

கடல் மீனென்றால் வால் நுனியைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார் நைனா. ஐப்பசியில் கடல் கொந்தளித்தால் மட்டும் ஏரியில் வலை போடுவார். ஆற்று வெள்ளத்தோடு வந்த நன்னீர் மீன்களும் அதில் சிக்கும். ஒருநாள் கரையில் வலையை உதறியவர், "ஐயோ, பாம்பு!" என்று அலறி, வலையைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஆற்றோர ஊரில் பிறந்த அம்மா அதை வெறுங்கையால் தூக்கிக் காட்டினாள்.

"பாம்புக்கு ஏதுய்யா செவுளு? மூக்கு கூரா கீது பாரு, முதுகுல முள்ளு கீது பாரு. ஆரலுய்யா இது!"

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குமுன் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. நைனாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. அதன்பின் வலையில் ஆரல் வரும்போதெல்லாம் வீட்டு வாசலில் நின்று வேண்டுமென்றே அலறுவார்; அடுப்படியிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்கும்.

இன்று ஆரலை வாங்கிவந்து வீட்டில் பையைப் பிரித்தேன். நைனா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பாம்ப வாங்கினு வந்துக்கிற?"

கேட்டுவிட்டு, பழக்கத்தில் அடுப்படிப் பக்கம் காதைக் கொடுத்தார். அம்மா போனபிறகு வரும் முதல் மழைக்காலம் இது.