ஐட்லர் என்றால் ஐடில் இல்லை

"வேலை ஏதும் நடைபெறவில்லை. ஐடில்."

சிறுதொழில் பேட்டையின் ஆய்வுக் குறிப்பில் ஒரு ஷெட்டுக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறது. ஐடில் என்றால் சும்மா கிடக்கிறது என்று பொருள். என்னிடம் இருக்கும் இரண்டு தட்டச்சு நகல்களில் ஒன்றில் 1981 ஏப்ரல் 14 என்றும் மற்றதில் ஏப்ரல் 16 என்றும் தேதி. பதினான்கு சித்திரை வருடப் பிறப்பு. விடுமுறை நாளில் ஆய்வுக்கு வருகிற அளவுக்குக் கடமையுணர்ச்சி அந்த ஆய்வுக் குழுவில் யாருக்கும் கிடையாது. ஆகவே பதினாறு, வியாழக்கிழமை. அன்று நானும் அங்கே நின்றிருந்தேன்.

அந்த ஒரு வார்த்தையை வைத்து ஒரு புருஷன் பெண்டாட்டியிடமிருந்து ஷெட்டைப் பிடுங்கினார்கள். எழுதினால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்குத் தணிந்ததில்லை.

பேட்டை, நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே முந்திரிக் காட்டை அழித்து உண்டாக்கியது. 1976-ல் பேச்சு தொடங்கி, 1978 கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு ஷெட்டுகள் எழும்பின. பேச்சு தொடங்கிய கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். மைன்ஸுக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு முன்னுரிமை என்று மேடையில் சொன்னார்கள். முன்வரிசையில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த விவசாயிகள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஒதுக்கீடு முடிந்தபோது ஒரு ஷெட்டில் குள்ளஞ்சாவடி லாரி முதலாளியின் பழைய டயர்கள் இருந்தன. இன்னொன்றில் காடாம்புலியூர் வியாபாரியின் முந்திரிக்கொட்டை மூட்டைகள். வெளியே தொங்கிய போர்டுகளில் எல்லாம் 'இன்ஜினியரிங் ஒர்க்ஸ்'. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு என்று எனக்குத் தெரிந்து போனது ஒரே ஒரு ஷெட்.

அது கம்மாபுரம் பக்கத்துக்காரர் ஒருவருடையது. அவருடைய அப்பாவின் நிலம் மைன்ஸுக்குப் போயிருந்தது. ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது லேத்தில் இரும்பு கடைகிற வேலை, படித்தவர். ஒரு கான்ட்ராக்டரிடம் சில வருடங்கள் இருந்து பார்த்து, பெர்மனென்ட் என்ற சொல் தன் காது வரைக்கும்தான் வரும் என்று தெரிந்துகொண்டு வெளியே வந்தார். பழைய லேத் ஒன்று வாங்கினார். அவர் செய்த வேலை ஐட்லர். சுரங்கத்தில் மைல் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்டை அடியிலிருந்து தாங்கி உருளுகிற இரும்பு உருளைக்கு அங்கே எல்லோரும் சொல்கிற பெயர் அதுதான். இறுகிப்போன உருளைகளைப் பிரித்து, தண்டைக் கடைந்து, பேரிங் மாற்றி, திரும்பவும் உருள வைத்துக் கொடுப்பார். கிரீஸ் அடைப்பதும் பெயின்ட் அடிப்பதும் அவர் மனைவி. நான் அப்போது மைன்ஸ் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. அவர்கள் அனுப்பிய உருளைகள் என் கை வழியாகத்தான் உள்ளே போயின. ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு, சைக்கிளில் ஷெட்டுக்குப் போயிருந்தேன். மின்வெட்டு. வாசலில் நின்றால் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் கண்ணெதிரே தெரியும். அந்தக் கரண்ட் எந்தெந்த ஊருக்கோ போய்க்கொண்டிருக்க, இங்கே லேத் நின்றுகிடந்தது. அந்த அம்மாள் கிரீஸ் கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க சாரு. புகை மட்டும் நமக்கு, கரண்டு மெட்ராஸுக்கு. நல்லாத்தான் பங்கு போட்டுகினு இருக்காங்க."

அப்போதுதான் ஜீப் வந்தது. ஆய்வுக் குழுவின் தலைவர் முன்னால், எழுதுகிற குமாஸ்தா பின்னால். தலைவர் இறங்கவில்லை. இன்ஜினைக்கூட நிறுத்தச் சொல்லவில்லை. டர்னர் ஜீப்பருகே ஓடினார். அந்த இரைச்சலுக்கு மேலே தலைவர் கத்தினார்.

"உள்ள என்னய்யா நடக்குது?"

"ஐட்லருங்க சார்!"

"ஐடிலா?"

"ஆமாங்க சார். ஐட்லர்."

பின்சீட்டுக் குமாஸ்தா எழுதிக்கொண்டார். ஜீப் திரும்பியது. டர்னர் முகமெல்லாம் சந்தோஷமாக வந்தார். "கேட்டாரு சார், சொல்லிட்டேன்" என்றார்.

"எறங்கிகூடப் பாக்கலியே" என்றார் மனைவி. "மாடு வாங்க வர்றவன்கூட எறங்கி வந்து பல்லைப் புடிச்சிப் பாப்பான்."

மறு மாதம் ரத்து உத்தரவு வந்தது. வேலை நடக்காத காரணத்தால் ஒதுக்கீடு ரத்து, ஷெட்டைக் காலி செய்க. முந்திரிக்கொட்டை மூட்டைகளுக்கும் டயர்களுக்கும் எந்த உத்தரவும் வரவில்லை. அவை வேலை செய்துகொண்டிருந்தன போலிருக்கிறது.

மூன்று பேரும் பேட்டை அலுவலகத்துக்குப் போனோம். ஒரு உருளையையும் தூக்கிக்கொண்டு போனோம். நாற்காலியில் இருந்தவர் அதே தலைவர். நடந்ததை நான் சொன்னேன். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாகக் கேட்டுவிட்டீர்கள், அன்றைக்கு மின்வெட்டு, வேண்டுமானால் ஸ்டோர்ஸில் விசாரியுங்கள் என்றேன்.

"ஆமான்னு அவரே சொன்னாரேய்யா" என்றார் தலைவர். "நான் ரெண்டு தடவை கேட்டேன்."

"நீங்க கேட்டது ஒண்ணு, அவரு சொன்னது ஒண்ணுங்க" என்றார் அந்த அம்மாள். புருஷனையும் என்னையும் தண்டின் இரண்டு முனைகளையும் பிடிக்கச் சொன்னார். மேசைக்கு மேலே நாங்கள் தூக்கிப் பிடித்தோம். உருளையை உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். அது சத்தமே இல்லாமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இதாங்க ஐட்லரு. இது சும்மாவா கெடக்குது? நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஃபைல் ஒன்றை எடுத்து உருளையின்மேல் அழுத்தி அதை நிறுத்தினார்.

"மேசையில கிரீஸ் படுது. எடுத்துட்டுப் போங்க. எழுதினது எழுதினதுதான்."

"எழுதுன கைக்கு அத அடிச்சித் திருத்தத் தெரியாதாங்க?"

"இந்தாம்மா, எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர வந்தியா?"

"எனக்கு இங்கிலீஷும் தெரியாது, ஒண்ணும் தெரியாதுங்க. வண்டிய வுட்டு எறங்கத் தெரியாதவங்களுக்கு நான் என்னத்த சொல்லித் தர்றது?"

பியூன் வந்து எங்களை வெளியே போகச் சொன்னான். காது தவறாகக் கேட்டதை என்னால் மன்னிக்க முடியும். ஜீப் இரைச்சலில் யாருக்கும் நடக்கும். ஆனால் கண்முன்னே சுற்றியதை ஃபைலால் அழுத்தி நிறுத்திவிட்டு, எழுதினது எழுதினதுதான் என்று சொன்னவருக்குக் காதில் எந்தக் கோளாறும் கிடையாது. மேலிடத்துக்கு மனுக்கள் எழுதினேன். பதில் வரவில்லை.

ஆடி மாதம் ஷெட்டைக் காலி செய்தார்கள். லேத்தை வைக்க இடமில்லாமல் பழைய இரும்பாக விற்றார்கள். டர்னர் மறுபடியும் கான்ட்ராக்ட்டில் சேர்ந்து மைன்ஸில் இறங்கினார். என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன். பெல்ட் ஓரமாக நடந்து, இறுகிப்போன ஐட்லர்களைக் கழற்றிப் போடுகிற வேலை என்றார். அவற்றைப் பிரித்துச் சரிசெய்ய அந்தப் பேட்டையில் அதன்பிறகு ஒருவரும் இல்லை.

ஷெட் அந்த வருடம் தீபாவளிக்கு முன்பே வேறொருவருக்குப் போனது. உள்ளே சிமெண்ட் மூட்டை அடுக்கினார்கள், வாசலில் இன்ஜினியரிங் என்று போர்டு மாட்டினார்கள். புதிதாக எடுத்தவர் ஆய்வுக் குழுத் தலைவரின் மச்சான் என்று பேட்டையில் இரண்டு பேர் என்னிடம் அடித்துச் சொன்னார்கள். மூன்றாமவர், ஊர்ப்பழக்கம் மட்டும்தான், உறவு இல்லை என்றார். மச்சானாக இருந்தால், ஐடில் என்பது காதில் தவறி விழுந்த வார்த்தை அல்ல, ஜீப் வரும் முன்பே எழுதத் தயாராக வைத்திருந்த வார்த்தை. அந்த உறவு உண்டா இல்லையா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.