படம் எடுத்தது ஆர்?

பாரிசுக்கு எத்தனை தரம் போயிருக்கிறாய் என்று கேட்டால் எனக்குக் கணக்குத் தெரியாது. பாரிசில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்லுவேன்: கலியாண மண்டபம். லண்டனில் பார்த்தது, ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு மண்டபம். ஜெர்மனியில் ஒரு செத்தவீடு, அதுவும் கொட்டுகிற மழைக்குள். எங்கள் சனத்துக்குப் பயணம் என்றால் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சோபாவிலிருந்து எழும்பி இன்னொரு சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் போய் இருப்பது. ஹோட்டலில் நின்றால் அவர்களுக்குக் கோபம். அவர்கள் வீட்டில் நின்றால் ஊர் பார்க்க நேரமில்லை, புட்டுக்கு மாக் குழைக்க வேண்டும்.

நான் ஸ்பெயினைத் தெரிவு செய்ததற்குக் காரணம் ஒன்றுதான். அங்கே எனக்கு ஒருவரும் இல்லை.

நான் இருக்கிற நோர்வேயில் ஆட்கள் அந்தப் பக்கத்தைச் 'சீடன்' என்பார்கள். தெற்கு என்று அர்த்தம், ஆனால் சொல்லும்போது அவர்களுக்கு முகம் மலரும். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அறைக்கு அறை அந்தத் தெற்கு சட்டம் போட்டுத் தொங்குகிறது. நீலக் கடல், வெள்ளை வீடு, தொப்பி போட்ட பெண். தூசி தட்டித் தட்டி அந்தக் கடற்கரைகள் எனக்கு மனப்பாடம். படத்தில் நிற்கிற எந்தப் பெண்ணின் முகத்திலும் இரவுச் சமையலைப் பற்றிய யோசனை இல்லை. அதைத்தான் நான் வருசக்கணக்காகப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். என்ரை மனுசன் இருந்த காலத்தில் ஒருமுறை கேட்டேன். "அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையே" என்றார். அத்தோடு கதை முடிந்தது. அவர் கண்ணை மூடி நாலு வருசமாகிறது.

போன செப்டெம்பரில் ஸ்பெயினின் மலகாவுக்கு ஒரு ரிக்கெற் போட்டேன். ஒஸ்லோவில் குரோருட் பக்கம் இருக்கிற அண்ணனுக்கு விசயம் போனதும் போன் வந்தது.

"தனியவோ? உனக்கென்ன விசரே?"

"ஓம், தனியத்தான்."

"தனியப் போய் என்ன செய்யப் போறாய்?"

"பாக்கப் போறன் அண்ணை."

"எதைப் பாக்க?"

அதற்கு நான் என்ன பதில் சொல்ல. ஒரு பெண் எங்கேயாவது போனால் ஒன்றில் ஆரையாவது பார்க்கப் போக வேண்டும், இல்லாவிட்டால் மாதாவைப் பார்க்கப் போக வேண்டும். சும்மா பார்ப்பது என்று ஒன்று எங்கள் குடும்பத்தில் இல்லை. மகன் மட்டும் "லீவு எடுத்திட்டியள்தானே, போட்டு வாங்கோ அம்மா" என்று விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டான். நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

மலகாவில் விடுதிக்காரி ஒரு விரலைக் காட்டி "சோலா?" என்றாள். தனியவோ என்று கேட்கிறாள் என்று விளங்கியது. "சோலா" என்றேன். அறைத் திறப்பை எடுத்துத் தந்தாள். அவ்வளவுதான். அவளுக்கு அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் தேவைப்படவில்லை. அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்து எனக்கு நானே சிரித்தேன்.

அங்கே கடற்கரையில் ஒரு பழைய வள்ளத்துக்குள் மணலை நிரப்பி, அதில் விறகை எரித்து, சாளை மீனை மூங்கில் குச்சியில் கோத்துச் சுடுகிறார்கள். கருவாட்டுக்குக்கூட ஆரும் சீண்டாத சாளை. உப்பு மட்டும்தான். முள்ளுக்கரண்டி கேட்டேன், சேர்வர் கையைக் காட்டிவிட்டுப் போனான். கையால் சாப்பிட்டேன். முள்ளைத் தட்டின் கரையில் துப்பினேன். பக்கத்து மேசையில் ஒரு பெரிய குடும்பம் அதையே செய்துகொண்டிருந்தது. ஒஸ்லோவில் நான் வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் வருசக்கணக்காகக் கத்தியோடும் முள்ளுக்கரண்டியோடும் பட்ட பாட்டை நினைத்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த நாள் பஸ் எடுத்து நேர்காவுக்குப் போனேன். மலையிலிருந்து கடலுக்குள் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற வெள்ளை ஊர். திரும்பி வர பஸ்ஸைத் தவறவிட்டேன். ஊரில் என்றால் என்ரை கடவுளே என்று நாலு பேருக்குப் போன் அடித்திருப்பேன். அங்கே அடிக்க ஆளில்லை. சுவரில் ஏறி இருந்து ஒரு ஐஸ்கிரீமும் குடித்து, அடுத்த பஸ் வரும்வரை கடலைப் பார்த்தேன். பஸ்ஸைத் தவறவிட்டதற்கு ஆரும் என்னைத் திட்டவில்லை. அந்தச் சுகத்தை அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

ஆனால் பின்னேரம் ஆறு மணிக்கு அண்ணன் வீடியோவில் வருவார். சாப்பிட்டாயா, குளிரா என்று இரண்டு கேள்வி. பிறகு, "அறை எப்பிடி இருக்கெண்டு ஒருக்கா சுத்திக் காட்டு பாப்பம்." முதல் நாள் நான் மடைச்சி மாதிரி யன்னலைக் காட்டினேன், திரைச்சீலையைக் காட்டினேன். இரண்டாம் நாளும் அதே அறையைக் காட்டச் சொன்னபோதுதான் அவர் திரைச்சீலை பார்க்கவில்லை என்று விளங்கியது. ஐம்பத்தேழு வயதில், போனைத் தூக்கிக்கொண்டு, குளியலறைக் கதவையும் திறந்து காட்டினேன். காட்டினேனே என்றுதான் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

கடைசியாகக் காதிசுக்குப் போனேன். மூன்று பக்கமும் கடல் சுற்றிய பழைய நகரம். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடற்கரையில், எழுபது எண்பது வயதுக் கிழவிகள் மடக்குக் கதிரைகளைப் போட்டு வட்டமாக இருந்து பிங்கோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நீச்சலுடை. வயிறு மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது, ஒருத்தியும் அதை மூடவில்லை. வாய் ஓயவில்லை. நான் நின்று பார்த்ததைக் கண்டு ஒருத்தி ஒரு கதிரையைத் தட்டிக் காட்டினாள். இருந்தேன். ஒரு மட்டையும் கொஞ்சச் சின்னக் கல்லும் தந்தார்கள். எனக்கு அவர்கள் பாசையில் எண்ணத் தெரியாது. பக்கத்தில் இருந்தவள் தன் மட்டையையும் பார்த்து என் மட்டையையும் பார்த்து எனக்காகக் கல்லு வைத்தாள். நான் தோற்றேன். தோற்றதற்கு எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தக் கிழவிதான் என் போனை வாங்கிக்கொண்டு, போ போ என்று கடலைக் காட்டினாள். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினேன். அவள் என்னவோ சொன்னாள், மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. தலைமயிர் அவிழ்ந்து பறந்தது. அந்த நேரம் எடுத்த படம். அதைப் பார்த்தபோது எனக்கே என்னை மட்டுக்கட்டக் கொஞ்ச நேரம் எடுத்தது. இவ்வளவு வடிவான படம் என் கலியாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. கண்டறியாத சந்தோசத்தில் அதைத் தூக்கிக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன்.

நாலைந்து கும்பிடு கை வந்தது. பிறகு அண்ணி ஒரு வரி எழுதினா.

"வடிவாயிருக்கு மச்சாள். படம் எடுத்தது ஆர்?"

அவ்வளவுதான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு நான் அவலை இடித்துச் சீனியும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தனியப் போனவளின் முழு உருவமும் படத்தில் இருக்கிறது. தூரத்திலிருந்து எடுத்தது. சிரிக்கிறாள். அப்ப எதிரில் நின்றது ஆர்?

நான் ஒஸ்லோவுக்கு வர முந்தியே கேள்வி வந்து நின்றது. ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் ஒருத்தி, "ஆரோடை போனனீங்கள்?" என்றா. "தனிய" என்றேன். "ஓ, தனியவோ" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றவவின் முகத்தைப் பார்த்தா. வேலையில் நோர்வேக்காரி ஒருத்தி கண்ணடித்து, ஆரையாவது சந்தித்தாயா என்று கேட்டாள். அவளுக்கு அது பாவமில்லை, பகிடி. ஆனால் அவளும் அதைத்தான் கேட்டாள்.

இதே நேரத்தில்தான் மகனுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தது. பெடிச்சி அவன் விரும்பின பிள்ளை. குடும்பம் மன்னார்ப் பக்கம், எங்களைப்போல வேதக்காரர். எனக்குப் பெடிச்சியைப் பிடிக்கும். நிச்சயத்துக்குச் சப்பாத்து வாங்க என்று என்னை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனவன், கார் நிற்பாட்டிய இடத்தில் எஞ்சினை நிற்பாட்டாமல் இருந்தான்.

"அம்மா, அவையளுக்கு நான் ஒண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் போர்த்துக்கலிலை இருக்கிற பாத்திமா மாதா கோயிலுக்கு யாத்திரை போனதெண்டு."

"ஆர் போனது?"

"நீங்கள்தான். சனம் கதைக்குது அம்மா. அவையின்ரை காதுக்கும் போட்டுது."

"நீ போன வருசம் தாய்லாந்துக்குப் போனாய். படம் படமாப் போட்டாய். எடுத்தது ஆரெண்டு நான் கேட்டனானோ?"

"அது வேறை அம்மா."

"என்ன வேறை?"

கலியாணம் முடியும்வரை ஒன்றும் சொல்ல வேண்டாம், ஆராவது கேட்டால் ஓம் என்று மட்டும் சொல்லச் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சீவியத்தில் எனக்கென்று நான் செய்தது அந்த ஒரு பயணம். அதைத் தூக்கி மாதாவின் தலையில் கட்டிவிட்டான். மாதாவின் பெயரில் பொய் சொல்லுகிறோமே என்ற பயம் வேறு. ஆனாலும் எனக்கு இருப்பது அவன் ஒருவன். நான் வாயைத் திறந்து அவன் கலியாணம் குழம்பினால் பிறகு ஆரிடம் போய் அழுவது? பேசாமல் சப்பாத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நிச்சயதார்த்தம் பெடிச்சியின் வீட்டில் நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பெடிச்சியின் தாய், என் சம்பந்தி, என்னை "பாத்திமாவுக்குத் தனிய யாத்திரை போட்டு வந்தவ" என்று அறிமுகம் செய்தா. ஆட்கள் என் கையைத் தொட்டார்கள். ஒரு வயதுபோன மனுசி, தன் மகளுக்குப் பிள்ளையில்லை, செபத்தில் நினையுங்கோ என்றா. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சம்பந்தி குசினிக்குள் போனதும் பின்னால் போனேன். அவ றோல்சைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தா.

"அக்கா, நான் ஒண்டு சொல்ல வேணும். நான் பாத்திமாவுக்குப் போகேல்லை."

அவ அடுக்குகிறதை நிற்பாட்டவில்லை.

"தெரியும். உங்கடை படம் எனக்கும் வந்தது. நான் பாத்திமாவுக்கு ரெண்டு தரம் போனனான். அங்கை கடல் இல்லை."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"என்னத்துக்குக் கதைக்கிறது? பிள்ளையளின்ரை காரியம் நல்லா நடக்க வேணும். சனத்துக்கும் சொல்ல ஒரு மறுமொழி வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, என் தோளில் கை வைத்தா. "நீங்களும் எத்தினை வருசத்துக்குத் தனிய இருக்கிறது. நான் பிழையா நினைக்கேல்லை. அந்தாள் ஆரெண்டு கேக்கவும் மாட்டன்."

"அக்கா, ஒருத்தரும் இல்லை. அது எடுத்தது ஒரு கிழவி. கடற்கரையிலை இருந்தவ."

"ஓம் ஓம், கிழவிதான்" என்றா. முகத்தில் அப்படி ஒரு இரக்கம். "இந்தத் தட்டை ஒருக்கா முன்னுக்குக் கொண்டுபோய் வையுங்கோ."

கொண்டுபோய் வைத்தேன். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். மன்னிக்கிறாவே, அதற்கு நான் என்ன செய்ய. செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு றோல்ஸ் பரிமாறினேன். அவவையும் பிழை சொல்ல ஏலாது. உண்மையில் தனியப் போனவள் என்றால் மகன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று அவவின் இடத்தில் நானும் நினைத்திருப்பேன். எல்லாம் இவன் செய்த வேலை.

திரும்பி வரும்போது காருக்குள் வைத்து அவனைக் கேட்டேன்.

"உன்னை ஆர் அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னது? அவ என்னைப் பற்றி என்ன நினைச்சுக்கொண்டு இருக்கிறா எண்டு தெரியுமே உனக்கு?"

"என்ன நினைச்சாலும் பரவாயில்லை அம்மா. அவ நல்லவ. வெளியிலை கதைக்க மாட்டா."

"எதைக் கதைக்க மாட்டா?"

சிவப்பு விளக்கில் நின்றபோது என் பக்கம் திரும்பினான். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை, அன்பாகத்தான் பார்த்தான்.

"அம்மா, நான் ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது. அவர் ஸ்பெயின்காரரோ, இல்லாட்டி இஞ்சத்தை ஆளோ?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அம்மா. நான் இஞ்சை பிறந்து வளந்தனான். நீங்கள் சந்தோசமா இருந்தால் எனக்குக் காணும். அந்தப் படத்திலை நீங்கள் சிரிச்ச மாதிரி நான் ஒரு நாளும் கண்டதில்லை. உங்களை ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாதெண்டுதான் அப்பிடிச் சொன்னனான்."

"தம்பி" என்றேன். "நான் தனியத்தான் போனனான்."

"ஓம் அம்மா" என்றான்.

முதியோர் இல்லத்தில், பின்னேரமானால் உடுப்பு மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்று, அம்மா என்னைக் கூட்டிப்போக வருகிறா என்று சொல்லுகிற, மறதி நோய் வந்த கிழவிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்லுகிற ஓம் அது.