ஐந்தாவது சொல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் சிஸ்டம்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். கிளைகளின் சர்வர்களில் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தினமும் பார்த்துச் சொல்வது என் பொறுப்பாக இருந்தது. ஒவ்வொரு சர்வராக உள்ளே போய்க் கட்டளை அடிப்பேன். திரை நிறைய வரிகள் வந்து விழும். அதில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு சதவீதம். அதைப் பொறுக்கியெடுத்து மேனேஜருக்கு மெயில் போடுவேன். அலுப்பான வேலைதான். ஆனாலும் அது என் வேலை.

பாரிவாக்கத்திலிருந்து ஒரு பெண் புதிதாக வந்து பக்கத்து சீட்டில் சேர்ந்தாள்.

"இன்னாக்கா, தினமும் கையாலயா எடுத்துகினு கீறீங்க?" என்று கேட்டவள், சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டாள். அது தானே எல்லா சர்வருக்கும் போய், வேண்டிய வரியைத் தேடி, அதில் ஐந்தாவது சொல்லாக இருக்கும் சதவீதத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தது. மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று ரசித்துப் பார்த்தார். என் பின்னால் அவர் அப்படி நின்றதே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. மாலையில் பூந்தமல்லி பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். கவனிக்காததுபோல் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த ஸ்கிரிப்ட் என்றைக்காவது சொதப்பாதா என்று காத்திருந்தேன். சொதப்பியது. ஒரு கிளைக்கு நேரே சதவீதம் வராமல் வெறும் சாய்கோடு வந்தது. அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த சர்வரில் டிஸ்க்கின் பெயர் நீளம். பெயர் ஒரு வரியிலும் மற்றதெல்லாம் அடுத்த வரியிலும் விழும். அதனால் சதவீதம் நாலாவது சொல்லாகி, வரியின் கடைசியில் வரும் சாய்கோடு ஐந்தாவதாகிவிடும்.

"முன்னாலேர்ந்து எண்ணாத. கடைசிலேர்ந்து எண்ணு. ரெண்டாவதா எப்பவும் அதான் இருக்கும்" என்றேன், மேனேஜர் காதில் விழட்டும் என்று சற்று உரக்கவே.

மாற்றியதும் சரியாக வந்தது. அவளே எழுந்துபோய், "அக்காதான் சார் கண்டுபுடிச்சாங்க" என்றாள்.

அவர் என் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அவளிடம், "மத்த ரிப்போர்ட்டுக்கும் இப்படியே எழுதிடும்மா" என்றார்.

அவள்மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சில மாதங்களில் அவளை மாடியிலிருந்த பெரிய டீமுக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் போனில் வீடியோ பார்த்து ஸ்கிரிப்ட் எழுதப் பழக ஆரம்பித்தேன். ஒருநாள் கேன்டீனில் அதைப் பார்த்துவிட்டாள்.

"டவுட்டு இருந்தா கேளுங்கக்கா" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.