ஈரச் சாக்கைப் போட்டு மூடச் சொன்னேன்

தாயில்பட்டிப் பக்கம் உள்ள எங்கள் பட்டாசு ஆலைக்கு நான் பொறுப்பேற்றுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். நான் பி.காம்., எம்.பி.ஏ. முடித்து, சென்னையில் முதலீட்டு ஆலோசனை சொல்லும் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். எந்தக் கம்பெனியின் பங்கை வாங்கலாம் என்று ஊருக்கே சொன்ன எனக்கு ஓர் ஆலையை நடத்துவதா கஷ்டம் என்ற நினைப்போடுதான் வந்திருந்தேன்.

அன்று போர்மேன் அந்தோணி அண்ணன் லீவு. அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மூன்று மணிக்கு இடியோடு மழை வந்ததால் வேலையை நிறுத்தினோம். கலவை ரூமில் வேலை பார்க்கும் மாரியம்மாள் என்னிடம் வந்தாள். ஃபேன்சி வெடிக்குள் வைக்கும் சிறு உருண்டைகளை மணி மருந்து என்போம். அதற்காக அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் சேர்த்து ஈரமாகப் பிசைந்த கலவை இரண்டு தட்டு மிஞ்சிவிட்டது, அழித்துவிடலாமா என்று கேட்டாள்.

சீசன் நேரம். ஆர்டர் ஏற்கெனவே தள்ளிப் போயிருந்தது. நாளைக்கு உருட்டிக்கொள்ளலாம், வை என்றேன்.

“மிச்ச மருந்த வைக்க அந்தோணி அண்ணாச்சி விடமாட்டாகக்கா.”

“ஈரமாத்தானே இருக்கு? ஈரம் எப்படித் தீப்பிடிக்கும்? மேல ஈரச் சாக்கைப் போட்டு மூடி வை.”

மனசில்லாமல் சொன்னபடி செய்தாள்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு நான் ஆபீசில் வருகைப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தோணி அண்ணன் வேகமாக உள்ளே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“கலவை ரூம் பக்கம் மூத்திர நாத்தம் வருது. உள்ள என்ன வச்சிருக்கீக?”

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. எல்லாரையும் கேட்டுக்கு வெளியே கொண்டுபோங்க, யாரும் ஓட வேண்டாம் என்றார்.

ரோட்டோரம் நின்று பேர் வாசித்தேன். முப்பத்து நான்கு பேரில் ஒரு குரல் வரவில்லை. இரண்டாம் முறை வாசித்தேன். இல்லாதது மாரியம்மாள். முந்தின நாளிலிருந்தே மனசு ஒப்பாமல், வந்ததும் அந்தச் சாக்கை எடுக்கப் போயிருக்கிறாள். அந்தோணி அண்ணன் திரும்பி உள்ளே போனார். நான் பின்னால் போகக் கால் எடுத்தேன். ஒரு பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

இருவரும் வருவது தெரிந்தது. அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். அவர்கள் தடுப்புச் சுவரைத் தாண்டிய நேரத்தில் ரூம் வெடித்தது. கூரை மேலே போனதைப் பார்த்தேன். தூசி அடங்கியபோது இருவரும் தரையில் கிடந்தார்கள். எழுந்து நின்றார்கள். மாரியம்மாளின் இடது காதிலிருந்து ரத்தம் வடிந்தது. அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை.

அதிகாரிகள் விசாரிக்க வந்தபோது, தான் லீவு போட்டதுதான் தப்பு என்று சொல்லிவிடுவதாக அந்தோணி அண்ணன் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. வைக்கச் சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள்.

ஆலையை விற்று ஷேரில் போடு, அதைத்தானே படித்திருக்கிறாய் என்றார் சித்தப்பா. அன்றுதான் யோசித்தேன். சென்னையில் ரசாயனக் கம்பெனிகளின் பங்கைக்கூடப் பரிந்துரைத்திருக்கிறேன். அவற்றின் ஆண்டறிக்கையை வரி விடாமல் படித்தேன். உள்ளே எதை எதோடு கலக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த நாற்றம் எதனால் வந்தது என்று அந்தோணி அண்ணனிடம் கேட்டேன். வந்தால் விலகணும் என்று தெரியும், காரணம் தெரியாதும்மா என்றார். பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகம் வாங்கினேன். பள்ளியில் நான் காமர்ஸ் குரூப். முப்பத்தைந்து வயதில் முதல் பாடத்திலிருந்து படித்தேன். பிறகு போர்மேன் பயிற்சியில் சேர்ந்தேன். முதல் தடவை தேறவில்லை. இரண்டாம் தடவை தேறினேன்.

தொழில் செய்யவோ முதலீடு செய்யவோ என்ன படிக்கலாம் என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். அந்தத் தொழிலில் ஆளைக் கொல்லக்கூடியது எது என்று கண்டுபிடித்து முதலில் அதைப் படியுங்கள் என்கிறேன். நிதி மேலாண்மையை நான் குறை சொல்லவில்லை. அதை இரண்டாவதாகப் படித்திருக்க வேண்டும்.

ஆலையை மறுபடி திறக்க அனுமதி வந்ததும் மாரியம்மாள் வீட்டுக்குப் போனேன். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். வேலைக்கு வா என்று கேட்டேன்.

“அலுமினியப் பவுடர்ல ஈரம் பட்டா என்னாகும்? சொல்லுங்க பாப்பம்.”

வெடியுப்போடு சேர்ந்து மெல்லச் சூடாகும், அமோனியா வாயு வரும், மூடி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும் என்றேன்.

“வாரேன். ஆனா மருந்து ரூமுக்கு இல்லக்கா. பேக்கிங்குக்கு.”

சரி என்றேன்.