அயோவாவும் ஓட்ஸ் கஞ்சியும்

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினேழு வருடம் வேலை செய்ததில் கிருசாந்திக்கு முதுகு போய்விட்டது, முழங்கால் போய்விட்டது. வந்து சேர்ந்தது அயோவா ஒன்றுதான். அந்த அமெரிக்க மாநிலத்தில் அவள் கால் வைத்ததில்லை, இனி வைக்கப்போவதுமில்லை. ஆனால் அதன் பறவை, பூ, மரம், கல் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எல்லாம் எட்டாம் அறை அன்னாவால் வந்த வினை.

அன்னாவுக்குத் தொண்ணூற்றொரு வயது. சாப்பாடு என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அவளுக்கு ஊட்ட அட்டவணையில் ஒன்பது நிமிடம் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கை எழுதிய புண்ணியவானைக் கூட்டிவந்து ஒருநாள் ஊட்டவிட்டுப் பார்க்கவேண்டும். இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் ஆஸ்பத்திரிதான் என்று தாதி சொல்லிவிட்டாள். இந்த வயதில் அங்கே போனவர்கள் திரும்பி வந்ததைக் கிருசாந்தி அதிகம் கண்டதில்லை.

கட்டிலருகே ஒரு பழைய தபாலட்டை. மஞ்சள் குருவி ஒன்று, காட்டு ரோசா ஒன்று, கீழே அயோவா என்று எழுத்து. அறுபது வருடத்துக்கு முன் அங்கே போன அன்னாவின் தம்பி நீல்ஸ் அனுப்பியது. அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. ஒருநாள் கிருசாந்தி சும்மா அந்தக் குருவியைப் பற்றிக் கேட்கப்போக, அன்னா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கரண்டி உள்ளே போனது.

அன்றிலிருந்து பஸ்ஸில் வரும்போது, தூக்கம் கண்ணை இழுக்க இழுக்க, அன்னாவிடம் சொல்லவும் கேட்கவும் கைபேசியில் அயோவாவைப் படித்தாள். இருவரும் கதைப்பது டேனிஷில்தான். கிருசாந்தியின் காதில் மட்டும் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும்.

"மரம் என்ன?" முதல்நாள் சொன்னதைக் கிருசாந்தி மறுநாள் கேட்பாள்.

"ஓக்," என்று அன்னா வாய் திறப்பாள். ஒரு கரண்டி.

"கல்லு?"

"வெளியிலை கரடுமுரடு, உடைச்சா உள்ளுக்கை பளிங்கு." இன்னொரு கரண்டி.

"எத்தினையாவதாய்ச் சேர்ந்த மாநிலம்?"

"இருபத்தொன்பது." கோப்பை காலி.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. எடையும் இறங்காமல் நின்றது. பிறகு ஒரு திங்கட்கிழமை அன்னா கேட்டாள்:

"இவ்வளவு தெரிஞ்சிருக்கிறாய், அங்கை போனனியோ? நீல்ஸைக் கண்டனியோ?"

கிருசாந்திக்குத் தன் அம்மா யோகம்மா நினைவு வந்தது. ஊரில் போரின் கடைசிச் சண்டையோடு காணாமல்போன மகன் உயிரோடு இருக்கிறான் என்று குறிப்புப் பார்த்துச் சாத்திரியார் சொன்ன அன்றுதான் யோகம்மா வயிறாரச் சாப்பிட்டாள். அந்த ஒரு சொல்லிலேயே மேலும் நான்கு வருடம் இருந்தாள். அதே மருந்தைத்தான் கிருசாந்தி இங்கும் எடுத்தாள்.

"ஓம், கண்டனான். சுகமாய் இருக்கிறார்."

அன்னா வாயை மூடிக்கொண்டாள். செவ்வாய் திறக்கவில்லை, புதனும் திறக்கவில்லை. குருவிக்கும் திறக்கவில்லை, ரோசாவுக்கும் திறக்கவில்லை. வியாழன் காலை மட்டும் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"சுகமாய் இருக்கிறவன் ஏன் எனக்கு எழுதேல்லை?"

யோகம்மாவை வாழவைத்த சொல் இவளைக் கொல்கிறதே. ஒன்பது நிமிடமும் நாசமாய்ப் போகட்டும் என்று கிருசாந்தி கட்டில் விளிம்பில் அமர்ந்தாள்.

"நான் பொய் சொன்னனான். அயோவாவுக்கு நான் போகேல்லை. அவர் இருக்கிறாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது." பிறகு, களைப்பில்தான், அதுவும் வாயில் வந்துவிட்டது: "என்ரை அண்ணையும் எழுதேல்லை."

அன்னா மெல்லத் திரும்பினாள். "எத்தினை வருசம்?"

"பதினாறு."

கிழவி கிருசாந்தியின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, ஆறிப்போன கஞ்சியை அள்ளி, அவள் வாயருகே கொண்டுவந்தாள். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடியாத கிருசாந்தி வாயைத் திறந்தாள். பாதி கஞ்சி சீருடையில் கொட்டியது.

அடுத்த கரண்டியை அன்னா தானே சாப்பிட்டாள்.