ஏழாம் எண் சாக்கு

கொடைக்கானலில் பூண்டு மொத்த வியாபாரம் செய்த திருமலைச்சாமிக்கு ஒரு கிறுக்கு உண்டு. எதையும் ஒழுங்கு பண்ணாமல் விடமாட்டார்; அதிலும் ஏற்கெனவே ஒழுங்காக இருப்பதைக் கண்டால் கை துறுதுறுக்கும். "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிங்க நான்" என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

பூண்டி, கவுஞ்சி என்ற மேல்மலைக் கிராமங்களிலிருந்து குதிரை மேல் மூட்டைகள் வரும். எந்த மூட்டை யார் வீட்டுச் சரக்கு என்று குதிரைக்காரர் சொல்ல, இவர் எழுதிக்கொள்வார். அதில் ஒருநாளும் பிசகு வந்ததில்லை. அறுபத்தொன்றாம் வருஷம் இவருக்கு ஞானம் பிறந்தது. வாய்ச்சொல்லை நம்பியா வியாபாரம்? ஆளுக்கொரு எண் கொடுத்து, அதைச் சாக்கிலேயே தாரால் எழுதிவிட்டார். எழுதி முடித்த அன்று கலெக்டர் உத்தியோகம் கிடைத்தவர் போலக் கடைவீதியில் நடந்தார்.

பூண்டிப் பாப்பம்மாளுக்கு ஏழாம் எண். அடுப்புப் புகையில் தொங்கவிட்டு, காய்ந்து சருகான பிறகுதான் அவள் பூண்டைக் கட்டுவாள். அவள் சரக்குக்காகவே வடுகபட்டி வியாபாரி சேனாதிபதி இவரிடம் வந்துகொண்டிருந்தார்.

அந்தச் சேனாதிபதி ஒருநாள் ஒரு பை அழுகல் பூண்டோடு பஸ் ஏறி வந்துவிட்டார். "ஏழாம் நம்பரு மூட்டை பூராவும் இப்பிடித்தான். இன்னொரு தடவை வந்துச்சுன்னா நான் வேற எடம் பாத்துக்கிறேன்."

திருமலைச்சாமி யாரையும் விசாரிக்கவில்லை. எண் இருக்கும்போது விசாரணை எதற்கு? ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உப்பு வாங்க நின்ற பாப்பம்மாளை நாலு பேர் முன்னால் பிடித்துக்கொண்டார். "ஈரப்பூண்டைக் கட்டி எம்பேரைக் கெடுத்துட்டீகளே! இனி உங்க சரக்கு வேணாம்."

"எம்பூண்டா ஈரம்? நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே."

"சாக்கு பொய் சொல்லுமா?"

பாப்பம்மாள் உப்பு வாங்காமலே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து இந்த வீரத்தைச் சொன்னபோது, ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி சண்முகசுந்தரியின் கரண்டி நின்றது. "ஏழு போட்ட சாக்கா? ஏங்க, லாரி கெளம்புதுன்னு நம்ம தோட்டத்துப் பூண்டை வெரசா கட்டு, வெரசா கட்டுன்னு குதிச்சீகளே! காயலைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கடைசியில கைக்குக் கெடச்ச சாக்குல போட்டுக் கட்டுனேன். அதுல ஏழுதான் எழுதியிருந்துச்சு."

மலையில் சாக்குக்கு ஏது சொந்தக்காரர்? காலிச் சாக்குகள் வடுகபட்டியிலிருந்து குவியலாகத் திரும்பும். அவரவர் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்வார்கள். பற்றாதவர்கள் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த மனுஷனுக்குத் தார்ச்சட்டியைத் தூக்கியபோது மட்டும் அது மறந்துபோயிற்று.

திருமலைச்சாமி சோற்றைத் தள்ளிவைத்தார். பாப்பம்மாள் போனால் சேனாதிபதியும் போவார், கடையைச் சாத்த வேண்டியதுதான். அதைவிட, உப்பு வாங்காமல் திரும்பிய அந்த முகம் அவரை அறுத்தது.

மறுநாள் வெள்ளனே குதிரைகளுக்குப் பின்னால் நடந்து பூண்டி போய்ச் சேர்ந்தார். நடந்ததைக் கேட்ட பாப்பம்மாள் பூண்டுக் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

"பழியைச் சந்தையிலதானே சொன்னீக. இதையும் அங்கன வந்து சொல்லுங்க."

சொன்னார். அடுத்த ஞாயிறு நடுச்சந்தையில் நின்று, "ஈரப்பூண்டு கட்டுன மகராசன் நாந்தான்" என்றார். சந்தையே சிரித்தது. பாப்பம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"சரக்கு தாரேண்ணே. ஆனா அந்த ஏழு எனக்கு வேணாம். உங்க பூண்டுக்குத்தானே அது பொருந்துச்சு? நீங்களே வச்சுக்கங்க."

அன்றோடு தார்ச்சட்டி பரணுக்குப் போனது. குதிரைக்காரர் சொல்லச் சொல்லத் திருமலைச்சாமி பழையபடி எழுத ஆரம்பித்தார். சாக்குகள் கிழிந்து ஏழும் மறைந்தது. அவரை விட்டுத்தான் போகவில்லை. ஊரில் அவருக்கு ஏழாம் நம்பர் என்றே பெயராகிவிட்டது.

பாப்பம்மாளும் இருந்த காலமட்டும் ஒரு வழக்கத்தை விடவில்லை. மூட்டையோடு தானும் வந்து, முதலில் மூட்டையின் வாயைப் பிரித்துவிடுவாள். "மோந்து பாருங்கண்ணே" என்பாள். கடைவீதி வேடிக்கை பார்க்க, அவர் சாக்குக்குள் தலையை விட்டு மோந்து, "காஞ்சிருக்கு தாயி" என்று உரக்கச் சொன்ன பிறகுதான் மூட்டையைத் தராசில் ஏற்ற விடுவாள்.