சித்தி வீட்டுக் காபியும் அம்மாவின் ரத்தப் பரிசோதனையும்

போன மாதம் கிளியனூரில், எங்கள் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைக்குக் களையெடுக்கும்போது, அம்மா உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்கி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடக் களையெடுத்தவர்கள் வாயில் வெல்லத்தைத் திணித்த பிறகுதான் எழுந்தாள். சர்க்கரை குறையவே இல்லை என்று இரண்டு வருஷமாக மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அப்படிப்பட்ட ஆளுக்குச் சர்க்கரை இறங்கிப்போய் மயக்கம் எப்படி வரும்? விழுப்புரத்து டாக்டருக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. உயிர்வேதியியலில் பட்டம் வாங்கிய எனக்கும் தோன்றவில்லை. வெட்கக்கேடு.

டாக்டர் தாளை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த ரிப்போர்ட்டும் இப்படியே வந்தா இன்சுலின் ஆரம்பிச்சிடலாம்மா."

அன்றிலிருந்து அம்மா சோற்றைத் தொடவில்லை. கேப்பைக் களியும் கீரையும்தான். "ஊசின்னு ஆரம்பிச்சா சாவுற வரைக்கும் ஊசிதான்டி. தெனம் யாரு குத்தி வுடுவா?" என்று தினமும் புலம்பல்.

அதனால்தான் அடுத்த பரிசோதனைக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். லேப் திண்டிவனத்தில். எங்கள் ஊர் பஸ் லேப் திறப்பதற்கு அரை மணி முன்னாலேயே கொண்டுபோய் விட்டுவிடும். லேப்புக்கு அடுத்த தெருவில் சித்தி வீடு. அம்மா யோசிக்கவே இல்லை, நேராக உள்ளே போய் உட்கார்ந்தாள். சித்தியும் ஒரு வார்த்தை கேட்காமல் நுரை பொங்கும் டம்ளரோடு வந்தாள். அம்மா கையை நீட்டினாள். நான் பாய்ந்து பிடித்தேன்.

"ம்மா! டெஸ்ட்டுக்கு வந்துகீற!"

"அதான் வெறும் வயிறா வந்துகீறேன்ல. காபி இன்னா சாப்பாடா?"

"போன தபா?"

"எப்பவும் குட்சிட்டுதான் போவேன். ஒரு ஊட்டுக்கு வந்துட்டு வாய நனைக்காம எழுந்து போறதா? நல்லாகீதே நீ சொல்றது!"

இரண்டு வருஷமாக வெறும் வயிற்று ரத்தம் என்று எழுதித் தந்த ஒவ்வொரு தாளிலும் சித்தியின் பாலும் மூன்று கரண்டிச் சர்க்கரையும் இருந்திருக்கின்றன. அந்தத் தாளை நம்பித்தான் மாத்திரைக்கு மேல் மாத்திரை. அதை முழுங்கிவிட்டுத்தான் அம்மா வரப்பில் மயங்கி உட்கார்ந்திருக்கிறாள்.

சித்திக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாடி, நாலெழுத்து படிச்சதும் எங்க ஊட்டு காபி ஆவாதா? சக்கரைக்கு காபி நல்லதுன்னு செல்லுல வீடியோ அனுப்ச்சதே நீதானடி!"

சுருக்கென்று குத்தியது. அனுப்பினேன்தான். முழுதாகப் பார்க்காமலே, குடும்பக் குழுவில், ஒரு சிவப்பு இதயத்தோடு. காபி குடிப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது குறைவு என்று ஆராய்ச்சிகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது டம்ளருக்கு மூன்று கரண்டி போட்ட பால்காபிக்கு யாரும் கொடுத்த சான்றிதழ் இல்லை. வந்துவிட்ட சர்க்கரைக்கு அது மருந்தும் இல்லை. இதையெல்லாம் அனுப்பும்போது நான் சொன்னேனா? இல்லை.

"சித்தி, அது வெறும் கருப்புக் காபி. பாலும் கெடையாது, சக்கரையும் கெடையாது."

"அதுக்குப் பேரு காபியா? கஷாயம்! அத்த நீயே குடி."

அம்மாவை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். சித்தி வாசல்வரைகூட வரவில்லை.

லேப்பில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாப்டீங்களா?"

"இல்லீங்க" என்றாள் அம்மா. இரண்டு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். அம்மா ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காபி குடிச்சீங்களான்னு ஏங்க கேக்க மாட்டேன்றீங்க?"

"சாப்டீங்களான்னா எல்லாந்தான்க்கா."

"எந்த ஊர்ல? இந்தத் தெருவுல யாரையாவது கூப்ட்டு கேளுங்க பாப்போம்!"

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தாளோடும் விழுப்புரம் போய், டாக்டரிடம் காபிக் கதையையும் வரப்பு மயக்கத்தையும் சொன்னேன். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மாத்திரையை அடித்தார், இன்னொன்றைப் பாதியாக்கினார். ஊசிப் பேச்சே வரவில்லை.

"காபி குடிச்சிட்டு வந்தா சொல்லணும்லம்மா?"

"நீங்க கேக்கலியே சார்."

டாக்டர் பேனாவை மூடினார். எனக்குக் கை தட்டவேண்டும்போல இருந்தது. கூடவே, இரண்டு வருஷமாக நீயும் கேட்கவில்லையே என்று என்னையே அறையவேண்டும்போலவும் இருந்தது.

அடுத்த தடவை லேப்புக்குப் போகும்போது மார்க்கரோடு போனேன். சுவரில் ஒட்டியிருந்த 'சாப்பிடாமல் வரவும்' தாளுக்குக் கீழே, 'காபியும் டீயும் குடிக்கக் கூடாது, தண்ணீர் மட்டும்' என்று பெரிதாக எழுதினேன்.

"அக்கா, அதுல எழுதக் கூடாதுக்கா!" என்று அந்தப் பெண் எழுந்தே வந்துவிட்டாள்.

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் அதை வாய்விட்டுப் படித்தார். தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, பூஸ்ட்டு குடிக்கலாம்ல?"

மார்க்கர் மூடியை மறுபடி கழற்றினேன்.